எந்தக் குதிரை?

அழைப்பு மணி அடித்தபோது சைராவின் கையில் முட்டிவலித் தைலம் இருந்தது. போன வாரம் அந்த மணியோடு நின்றோம். ஒரு வாரமாகத் தைலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, பாவம், கதவைத் திறக்கட்டும்.

தைலம் அவளுக்கு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், கோச்கோரிலிருந்து வரும் சிநேகிதிக்கு. நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. அறுபது வயது முட்டி அந்தப் படிகளில் என்ன பாடுபடும் என்று அறுபது வயது முட்டி வைத்திருப்பவளுக்குத்தானே தெரியும்?

இரண்டு வருஷச் சிநேகம். முகம் பார்த்ததில்லை. 'ஜன்னலோரத் தோட்டம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். ஜன்னல் விளிம்பில் ஆப்பிரிக்க வயலட் வளர்க்கிறவர்கள் நாடு முழுவதிலிருந்தும் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் முகப்படம் ஒரு பூதான். மனித முகத்தைப் போட்டால் யாராவது, "இந்தச் செடிக்கு வெயில் போதலை போலிருக்கே" என்று கேட்டுவிடுவார்கள்.

குழுவில் சேருகிறவர் ஊரையும், பிறந்த ஆண்டின் மிருகத்தையும் எழுத வேண்டும். வயதைக் கேட்பது அநாகரிகம், ஆண்டைக் கேட்பது சம்பிரதாயம். எலியில் தொடங்கிப் பன்றியில் முடிகிற பன்னிரண்டு மிருகங்கள். சைரா "குதிரை, பிஷ்கெக்" என்று எழுதியிருந்தாள். அடுத்த நிமிஷமே "நானும் குதிரை, கோச்கோர்" என்று ஒரு வெள்ளைப் பூ எழுதியது.

அவ்வளவுதான். "அப்போ நாம குர்தாஷ்!" என்று சைரா அறிவித்துவிட்டாள்.

ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் குர்தாஷ். அவர்களுக்குள் 'எஜே', அதாவது அக்கா, என்கிற மரியாதையெல்லாம் கிடையாது. 'நீ' என்று கூப்பிடலாம், வாய்க்கு வந்தபடி திட்டலாம், செத்துப்போன புருஷனைப் பற்றிக்கூடக் கிண்டல் பண்ணலாம். கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. சைராவுக்கு ஊரில் இருந்த குர்தாஷ்களில் ஒருத்தி மகளோடு மாஸ்கோ போய்விட்டாள், இன்னொருத்தி கல்லறைக்கு. திட்டுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் அந்த வெள்ளைப் பூ பெரிய வரமாக வந்தது.

குதிரை பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும் என்று சைராவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்கத் தோன்றவில்லை.

கதவைத் திறந்தாள்.

கையில் பையும், கனத்த கோட்டும், வயிற்றுப் பக்கம் ஒரு புடைப்புமாக ஒரு சின்னப் பெண் நின்றாள். மூச்சுகூட வாங்கவில்லை.

சைரா அவளுக்குப் பின்னால் எட்டிப் படிக்கட்டைப் பார்த்தாள். "பையை நீ எடுத்துட்டு வந்துட்டியா, நல்ல பொண்ணு. அவ எங்கே? ரெண்டாவது மாடியில உக்காந்துட்டாளா?"

"எவங்க?"

"என் குர்தாஷ்! கூட வந்தவங்களை விட்டுட்டா ஏறி வருவாங்க? போ, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வா."

பெண் நகரவில்லை. மூக்கு சிவந்திருந்தது. மார்ச் மாதக் குளிர் பாதி, மீதி வேறு ஏதோ.

"எஜே... நான்தான்."

"நான்தான்னா?"

"குதிரை. கோச்கோர்."

சைரா முப்பது வருஷம் டிராலிபஸ் ஓட்டியவள். நடுச்சாலையில் கரண்ட் போய் வண்டி நின்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவள். அப்படித்தான் நின்றாள்.

"எந்தக் குதிரை?" என்றாள் கடைசியில். இரண்டு வருஷம் தாமதமாக.

"ரெண்டாயிரத்து ரெண்டு."

"இருபத்திநாலு வயசா?"

"ஆமா எஜே. பேரு துமார்."

கதவை அப்படியே மூடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மூட முடியவில்லை. உள்ளே தரையில் விரிப்பு விரித்து, பூர்சோக் என்ற மாவுத் துண்டுகளைப் பொரித்து, பாலாடை வைத்து, விருந்தாளி உட்காரும் கௌரவ இடத்தில் மூன்று மெத்தை அடுக்கியிருந்தாள். முட்டிக்கு இதமாக.

"வா," என்றாள். உலகத்தில் இதைவிடக் கடுப்பாக யாரும் 'வா' சொன்னதில்லை.

*

மருமகள் அய்ஜிரெக் டீப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் 'ஆபா' என்று கூப்பிடும் மாமியாரும் அவளும் மூன்று நாளாகத் தேவைக்கு மேல் பேசுவதில்லை. வந்தவளைப் பார்த்தாள், மெத்தைகளைப் பார்த்தாள், தைலத்தைப் பார்த்தாள். உதட்டை மடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதே," என்றாள் சைரா.

"நான் எங்க சிரிச்சேன் ஆபா? தைலத்தை ஃப்ரிட்ஜ்ல வைக்கட்டுமான்னு யோசிச்சேன்."

துமார் மெத்தைப் பக்கமே போகவில்லை. நேராக வந்து அய்ஜிரெக்குக்குப் பக்கத்தில், டீ ஊற்றுகிறவர்கள் உட்காரும் வாசலோர இடத்தில், மண்டியிட்டு உட்கார்ந்து டீப்பாட்டைப் பிடித்தாள். பழக்க தோஷம். அவளும் ஒரு வீட்டுக் கெலின். கெலின் என்றால் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள். மகன் மனைவியும் கெலின்தான், தம்பி மனைவியும் கெலின்தான்.

"நீ விருந்தாளி, விடு."

"இருக்கட்டும் எஜே, நான் ஊத்தறேன்."

"விடும்மா, சுடும்!"

இரண்டு கெலின்கள் ஒரு டீப்பாட்டை இழுத்தார்கள். சைராவுக்குப் பொறுக்கவில்லை.

"மேல போய் உக்காரு!" என்று அதட்டினாள். "மெத்தை உனக்குத்தான் போட்டது. உன் முட்டிக்கு! என்ன முட்டி அது? 'குர்தாஷ், காலையில எழுந்திரிக்க முடியலை, முட்டி கத்துது'ன்னு எழுதினியே, அது பொய்தானே?"

"பொய் இல்ல எஜே. மாட்டுக் கொட்டகை சிமெண்ட் தரையில உக்காந்து பால் கறக்கறேன். நெஜமாவே கத்துது."

சொல்லிக்கொண்டே பேண்ட்டை முழங்கால் வரை தூக்கினாள். சைரா போன குளிர்காலத்தில் தன் கையால் பின்னி அனுப்பிய ஒட்டக ரோம முட்டி உறை. கிழவிகளுக்கு என்று பழுப்பு நிறத்தில் பின்னியது.

சைராவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. இரக்கம் வந்துவிடும் போலிருந்தால் அவளுக்குக் கோபம் ஏறும்.

"உன் கெலின் பத்தி எழுதினியே? 'எங்க கெலினும் இப்படித்தான், சோம்பேறி'ன்னு? இருபத்திநாலு வயசுல உனக்கு ஏது கெலின்?"

"என் தம்பி பொண்டாட்டி."

"மாமியார் படுத்தறான்னு எழுதினியே! எண்பத்தஞ்சு வயசுக் கிழவி ஒருத்தி கட்டில்ல கிடந்து அதிகாரம் பண்றான்னு நான் நெனச்சேன்!"

"நான் வயசு எழுதலையே எஜே."

அது உண்மை. இந்தப் பெண் ஒரு இடத்திலும் பொய் எழுதவில்லை. சைராதான் இல்லாத ஒரு கிழவியை உருவாக்கி, அவளுக்குத் தலைமுக்காடு போட்டு, பல்செட் வைத்து, இரண்டு வருஷம் கொஞ்சியிருக்கிறாள். அது புரியப் புரிய முகம் கொதித்தது.

சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பித்தப்பை ஆபரேஷன். மயிர்ச்சாயம். பிறகு, கடவுளே, மறைந்த கணவர் கல்யாணம் ஆன புதிதில் இருட்டில் மாமனார் மெத்தைக்குப் போய்விட்ட கதை. அதை ஒலிப்பதிவாக, சிரித்துச் சிரித்து, இந்தக் குழந்தைக்கு அனுப்பியிருக்கிறாள்!

அய்ஜிரெக் கிண்ணத்தில் டீயை ஊற்றி, இரண்டு கையாலும் துமாரிடம் நீட்டினாள்.

துமார் கிண்ணத்துக்குள் பார்த்தாள். ஆச்சரியத்தில் அவளுக்கு வாய் தவறிவிட்டது.

"இந்த எஜே பாதிதானே ஊத்தறாங்க! நீங்க சொன்ன மாதிரி இல்லையே!"



இங்கே பாதிக் கிண்ணம்தான் மரியாதை. பாதி ஊற்றினால் 'இரு, இன்னும் குடி, பேசு' என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால் 'குடிச்சிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். மாமியாருக்கு விளிம்புவரை ஊற்றுகிற மருமகளைப் பற்றி நாலு ஊர் பேசும்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அய்ஜிரெக், மெதுவாக.

"ஒண்ணும் இல்ல எஜே."

"நான் நிறைய ஊத்தறேன்னு சொன்னாங்களா?"

துமார் கிண்ணத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அது பாதிக் கிண்ணம், முகம் முழுக்க மறையவில்லை.

"வேற என்னென்ன சொன்னாங்க?"

"நான் பாலாடை எடுத்துட்டு வரேன்," என்றாள் சைரா. பாலாடை அவள் முன்னாலேயே இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

சமையலறையில் அவள் ஒரு காரியம் செய்தாள். நிதானமாக யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். நிதானமாக யோசிக்கிறவளாக இருந்திருந்தால் இந்தத் தொடர்கதையே இருந்திருக்காது.

போனை எடுத்து, குழுவைத் திறந்து, பொத்தானை அழுத்திப் பேசினாள்.

"எல்லாரும் கவனிக்கணும்! கோச்கோர் குதிரைன்னு நம்ம நடுவுல ஒண்ணு இருக்கே, அது இருபத்திநாலு வயசுப் பொண்ணு! ரெண்டு வருஷமா என்னை நீ, வா, போன்னு பேசியிருக்கு. இப்ப என் வீட்டுல உக்காந்து பூர்சோக் தின்னுக்கிட்டிருக்கு. ஜாக்கிரதையா இருங்க!"

போய்விட்டது. கொஞ்சம் ஆறினாற்போல இருந்தது. திரும்பி வந்தபோது முகத்தைப் பஸ் ஸ்டாண்ட் அறிவிப்புப் பலகை மாதிரி வைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் கோச்கோருக்குக் கடைசி வண்டி இருக்கு. அதுல ஏத்தி விடறேன்."

துமார் தலையை ஆட்டினாள். அழவில்லை, கெஞ்சவில்லை. அதுதான் சைராவுக்குப் பிடிக்கவில்லை.

"சரி எஜே. ஆனா இதை மட்டும் வச்சுக்கோங்க. அங்க கொண்டு போனா செத்துரும்."

கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். வயிற்றில் சால்வையால் கட்டியிருந்த ஒரு தயிர் டப்பாவை எடுத்தாள். அதில் ஒரு வயலட். இலைகளில் இரண்டு கருகி, ஓரங்கள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. நடுவில் ஒரே ஒரு மொட்டு மட்டும் பிழைத்திருந்தது. வெள்ளை, விளிம்பில் ஊதாச் சுருக்கம்.

சைராவுக்கு அந்தச் செடியைத் தெரியும். அவளே மூன்று வருஷம் ரகத்தோடு ரகம் கலந்து உருவாக்கியது. அந்த ரகத்துக்கு அவள் வைத்த பெயரே 'குர்தாஷ்'. உலகத்திலேயே இரண்டு வீடுகளில்தான் அது இருந்தது.

"என்ன பண்ணினே இதை?"

"நான் பண்ணலை. மார்ச் வந்தா தக்காளி நாத்துக்கு ஜன்னல் வேணும்னு எங்க வீட்டு ஆபா எல்லாத் தொட்டியையும் எடுத்து வெளி வராந்தாவுல வச்சிட்டாங்க. நான் கொட்டகையில இருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் உறைஞ்சு போச்சு. இது அடியில இருந்ததால..."

"எல்லாமா? அந்த ரோஸ் இரட்டையடுக்கு?"

"போச்சு."

"பச்சை விளிம்பு?"

"அதுவும்."

சைரா சத்தமாகவே ஒரு வார்த்தை சொன்னாள். டிராலிபஸ் டிப்போவில் மட்டும் புழங்குகிற வார்த்தை. அய்ஜிரெக் சட்டென்று நிமிர்ந்தாள். துமார் தொடர்ந்தாள்.

"'வாயைத் திறக்காதே, டீப்பாட்டை மாமியார் முன்னாடி வச்சிட்டுக் கிளம்பிடு. ஒரு வாரம் என் வீட்டுல இரு. தானே ஊத்திக் குடிக்கட்டும், அப்பத் தெரியும்'னு நீங்க சொன்னீங்க இல்ல எஜே? அப்படியே பண்ணினேன். அவரு ரஷ்யாவுல கட்டட வேலையில இருக்காரு, ஃபோன் எடுக்கலை. எங்க அம்மா வீட்டுல இப்ப அந்தத் தம்பி பொண்டாட்டி ராஜ்யம். அதான் இங்க."

"நான் அதை ஒரு அறுபது வயசுக்காரிக்குச் சொன்னேன்! இருபத்திநாலு வயசுக் கெலினுக்கு அப்படிச் சொல்வேனா?"

"மாட்டீங்க," என்றாள் துமார். "தெரியும். அதனாலதான் சொல்லலை."

"என்னது?"

"உங்க குரலைக் கேட்டு மூணாவது வாரமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நீங்க பெரியவங்கன்னு. சொல்லிடலாம்னு எவ்வளவோ தடவை எழுதி எழுதி அழிச்சேன். சொன்னா அன்னிக்கே நீங்க எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க. பொறுமையா இரு, பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே, குழந்தை எப்போன்னு. எஜே, எனக்குப் புத்தி சொல்ல எங்க தெருவுல மட்டும் இருபது பேர் இருக்காங்க. என்னைத் திட்டிச் சிரிக்க வைக்க ஒருத்தியும் இல்ல."

தயிர் டப்பாவை விரிப்பின் ஓரத்தில் வைத்தாள்.

"அந்த மாமனார் மெத்தைக் கதைக்கு மட்டும் நான் ஒரு வாரம் சிரிச்சேன்."

"ஆபா!" என்றாள் அய்ஜிரெக். "எனக்கு நீங்க அந்தக் கதையைச் சொன்னதே இல்லையே!"

 சைராவின் போன் அப்போது உறுமத் தொடங்கியிருந்தது.

*

குழு கொந்தளித்துக்கொண்டிருந்தது.

"இதுதான் இன்றைய தலைமுறை!" என்று எழுதியிருந்தது ஒரு மாடு. "என் பெண்ணாயிருந்தால் செவிட்டில் அறைவேன்," என்றது ஒரு பன்றி. "பிறந்த தேதியை எல்லோரும் இங்கே பதிவிட வேண்டும்," என்றது ஒரு முயல். பத்து நிமிஷம் கழித்து, "பெண்களுக்கு விலக்கு அளிக்கலாம்," என்று அதே முயல் திருத்தியது.

"எனக்குப் பதினெட்டு வயசு. நானும் போகணுமா?" என்று ஓஷ் நகரத்து எலி கேட்டது. யாரும் பதில் போடவில்லை.

பிறகு குழுத் தலைவர் சாபிர் எழுதினார். ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர். புலி. எல்லோருக்கும் அவர் சாபிர் ஆகாய், அதாவது வாத்தியார்.

"மதிப்பிற்குரிய சைரா அவர்களுக்கு நேர்ந்த அவமானம் நம் எல்லோருக்கும் நேர்ந்தது. கோச்கோர் உறுப்பினர் இன்று மாலைக்குள் நீக்கப்படுவார். அவர் காட்டிய செடிகளும் உண்மையானவையா, எங்கிருந்தோ எடுத்த படங்களா என்பது சந்தேகத்துக்குரியது."

சைரா கடைசி வரியை மறுபடி படித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

மரியாதை தெரியாதவள் என்றால் சரி. ஓடி வந்தவள் என்றால்கூட சரி, வந்துதான் இருக்கிறாள். ஆனால் செடி பொய்யா? அந்த ரோஸ் இரட்டையடுக்கு பொய்யா? அழுகிய வேரிலிருந்து அதை மீட்டுக் கொண்டுவர இரண்டு பேரும் பட்ட பாடு இந்த மனிதருக்குத் தெரியுமா? தாவரவியல் சொல்லிக் கொடுத்தாராம்! போன வருஷம் அவர் போட்ட படத்தில் தொட்டிக்குள் பாசி பிடித்திருந்தது, யாராவது வாயைத் திறந்தார்களா?

பொத்தானை அழுத்தினாள். இந்தத் தடவை சமையலறைக்குப் போகவில்லை. இரண்டு பெண்களுக்கும் நடுவில் நின்று பேசினாள்.

"சாபிர் ஆகாய், அவமானம் எனக்கு நடந்தது, உங்களுக்கு இல்ல. அதை வச்சு என்ன பண்றதுன்னு நான் முடிவு பண்ணிக்கறேன். அவ செடி பொய்யின்னு சொன்னீங்க பாருங்க, அதை இப்பவே வாபஸ் வாங்கணும். என் முன்னாடி இருக்கு. உறைஞ்ச தொட்டியிலிருந்து ஒரு மொட்டைக் காப்பாத்தி, வயித்துல கட்டிட்டு மலை தாண்டி வந்திருக்கா. உங்கள்ல எத்தனை பேர் செய்வீங்க?"

மூச்சு விட்டாள்.

"அவ குதிரைன்னு எழுதினா. குதிரைதான். எந்தக் குதிரைன்னு கேக்காதது என் முட்டாள்தனம். நீங்களும்தான் புலின்னு போட்டிருக்கீங்க. எந்தப் புலின்னு நாங்க கேட்டோமா? 'நம்ம வயசுக்காரங்க'ன்னு சொல்லிச் சொல்லி அறுபது வயசுப் பொம்பளைங்களுக்கு ரோஜா ஸ்டிக்கர் அனுப்பறீங்களே, அறுபத்திரண்டுல பொறந்த புலியா, ஐம்பதுல பொறந்த புலியா? கேட்டோமா? அவ என் குர்தாஷ். என்னை நீன்னுதான் கூப்பிடுவா. அவளை எடுத்தா என்னையும் எடுத்துடுங்க. ஓஷ் எலி, கண்ணு, நீ எங்கயும் போக வேண்டாம்."

அனுப்பினாள்.

'சாபிர் எழுதுகிறார்' என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. எலியிடமிருந்து ஒரு இதயம் வந்தது.

துமார் இப்போதுதான் அழுதாள். அதுவரை வைத்திருந்த எல்லாவற்றையும் சேர்த்து.

"அழாதே. டப்பாவுல உப்புத் தண்ணி விழும்," என்றாள் சைரா. அறுபது வயதுக் குர்தாஷுக்கென்று வாங்கி வைத்திருந்த சாம்பல் நிறச் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டாள். கிழவிச் சால்வை. பெண்ணுக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. "சாயங்கால வண்டி இல்ல. ஒரு வாரம்னு சொன்னேன், ஒரு வாரம் இரு."

"எஜே, நீங்க..."

"என்ன எஜே? ஊர் பூரா கேக்கச் சொல்லிட்டேன். இப்ப மாத்தினா என் மானம்தான் போகும்."

துமார் மூக்கைத் துடைத்தாள்.  எதிரே இருந்த நரைத்த தலையைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்வது படத்தில் இருக்கும் பூவிடம் சொல்வது போல இல்லை.

"நீ... ரொம்பக் கத்தற, குர்தாஷ்."

சைரா சிரித்துவிட்டாள். அவளோடு சிரிக்க வேண்டிய மூன்றாவது ஆள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

*

அய்ஜிரெக் மாமியாரின் கிண்ணத்தை எடுத்தாள். டீப்பாட்டைச் சாய்த்தாள். பாதி வந்தது, நிறுத்தவில்லை. முக்கால் வந்தது. விளிம்பு வந்தது. ஒரு சொட்டு விட்டால் வழியும் என்ற இடத்தில் நிறுத்தி, சிந்தாமல் சைராவின் முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே டீப்பாட்டையும் வைத்தாள்.

"இதுவரைக்கும் நான் இப்படி ஊத்தினதே இல்ல ஆபா," என்றாள். "ஆனா ஊர் பூரா தெரிஞ்சு போச்சாமே. பேரை வீணாக்கக் கூடாது இல்ல?"

"ஏய், அது... ஒரு நாள் கொஞ்சம் நிறைஞ்சிருந்தது, ஏதோ வாய் தவறி..."

"நான் கல்யாணம் ஆகி வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு ஜோக் சொல்லியிருக்கீங்களா எங்கிட்ட? இந்தப் பொண்ணு என்னைவிட நாலு வயசு சின்னவ. அவகிட்ட மாமனார் மெத்தை. எங்கிட்ட 'உப்பு ஜாஸ்தி'."

 அநியாயம் என்று சைரா கத்த நினைத்தாள். யாருக்கு யார் செய்த அநியாயம் என்று யோசித்ததும் வாய் மூடிக்கொண்டது.

அய்ஜிரெக் கோட்டை எடுத்தாள். "எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். ஒரு வாரம். நீங்க எழுதிக் கொடுக்கற மருந்துதானே?" வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே துமாரைப் பார்த்தாள். "தங்கச்சி, டீப்பாட் அங்கயே இருக்கட்டும். நீ தொடாதே."

கதவு மெதுவாகச் சாத்தியது. படாரென்று சாத்தியிருந்தால் சைராவுக்குப் பதிலுக்குக் கோபப்பட ஒரு வழி கிடைத்திருக்கும்.

துமார் பழக்கத்தில் டீப்பாட்டை நோக்கிக் கையை நீட்டி, சுட்டதுபோல இழுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் விளிம்பு தளும்பும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போன் அடித்தது. தெரியாத எண்.

"அது எங்க வீட்டு எண்," என்றாள் துமார் சால்வைக்குள்ளிருந்து. "நான்தான் வர்றதுக்கு முன்னாடி, யார் சொல்லிப் போறேன்னு எழுதி, உங்க எண்ணையும் வச்சிட்டு வந்தேன். தேடக் கூடாதுன்னு."

சைரா எடுத்தாள்.

"நீதானா அது?" என்றது ஒரு பெண்குரல். பின்னணியில் ஒரு மாடு கத்தியது. "டீப்பாட்டை மாமியார் மூஞ்சிக்கு முன்னாடி வச்சிட்டு வான்னு என் கெலினுக்குச் சொல்லிக் கொடுத்தவ? கலிபான்னு என் பேரு. இன்னிக்கு மூணு மாட்டையும் நான் கறந்தேன். கை உடைஞ்சு போச்சு. சொல்லு, அடுத்த வீட்டுக்குப் புத்தி சொல்ற அளவுக்கு நீ என்ன பெரிய மனுஷி? என்ன வருஷம் நீ?"

"குதிரை," என்றாள் சைரா, விறைப்பாக.

"எந்தக் குதிரை?"

இந்தக் கேள்வியை ஒழுங்கான நேரத்தில் கேட்ட முதல் ஆள்.

"அறுபத்தாறு."

 எதிர்முனையில் மாடு மட்டும் மறுபடி கத்தியது.

"நானும் அறுபத்தாறுதான்," என்றது குரல்.

சைரா துமாரைத் திரும்பிப் பார்த்தாள். துமார் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"அடி பல்லுபோன குதிரை!" என்று கலிபா தொடங்கினாள். குரலில் இப்போது மரியாதை துளியும் இல்லை, சுதி ஏறியிருந்தது. "லாடம் கழண்டு லாயத்துல கிடக்க வேண்டிய வயசுல உனக்கு அடுத்த வீட்டுப் பந்தயம் கேக்குதா?"

சைராவின் கையிலிருந்த போன் கனத்தது. பல்லுபோன குதிரை. லாடம் கழண்டு. பந்தயம் கேக்குதா. அந்த வரியை அவளுக்குத் தெரியும். போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது வெள்ளைப் பூ எழுதி அனுப்பிய வரி அது, 'அடுத்த வீட்டு' மட்டும் புதுசு. படுக்கையில் கிடந்தபடி அதைப் படித்துச் சிரித்துத்தான் அன்றைக்குக் கஞ்சி குடித்தாள்.

இரண்டு வருஷமாக அவள் சிரித்த சிரிப்பில் துமாருடையது எவ்வளவு, இந்தக் கலிபாவுடையது எவ்வளவு?

"நாளைக்கு முதல் வண்டியில வரேன்," என்றாள் கலிபா. "என் கெலினைக் கூட்டிட்டுப் போறதா, உன் தலைமுடியைப் பிடிக்கறதான்னு அங்க வந்து பாத்துக்கறேன். உங்க வீட்டுல டீ யாரு ஊத்துவா?"

சைரா மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு டீப்பாட்டை.

"நான்தான்."

"எவ்வளவு ஊத்துவே?"

முன்னால் கிண்ணம் விளிம்புவரை தளும்பி நின்றது. பக்கத்தில் தயிர் டப்பாவில் ஒரே ஒரு மொட்டு.

"நீ வந்து பாரு," என்றாள் சைரா.